ஏழு நாட்டு நாக்கு

சனிக்கிழமை வந்தால் எங்கள் காரைக்காலுக்கு இரண்டு வகை யாத்ரீகர்கள் வருவார்கள். ஒரு வகை, திருநள்ளாறு போய் நள தீர்த்தத்தில் முழுகுகிறவர்கள். இன்னொரு வகை, தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டின உடனே வருகிற முதல் கடையிலேயே முழுகுகிறவர்கள். முதல் வகையைச் சனி விட்டுவிடும். ரெண்டாம் வகையை ஞாயிறு ராத்திரி வீட்டு வாசலில் வைத்துப் பிடித்துக்கொள்ளும்.

ஆகையால், வெளியூர்க்காரர்கள் வாரக் கடைசியில் எங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்பதில் எங்களுக்குப் பழுத்த அனுபவம் உண்டு. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வெளிதேசத்தில் வாரக் கடைசியில் என்ன செய்கிறார் என்பதுதான் இந்த வாரச் சமாசாரம்.

ஆசாமி பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். நான் பி.காம். படித்து டெபிட், கிரெடிட் என்று ஒதுங்கிவிட்டேன். அவர் எம்.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு, இந்தப் பக்கத்தில் ஒரு பிரைவேட் ஸ்கூலில் மாசச் சம்பளத்தை மூணு தவணையாக வாங்கிக்கொண்டிருந்தார். இப்போது தாய்லாந்தில், பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் மூணு மணி நேரத் தூரத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். ஸ்கூல் பேர் வேண்டாம். பிழைக்கிற இடம்.

"இங்க நான் ஃபாரின் டீச்சர் மாப்ளே!" என்று முதல் போனில் சொன்னபோது, குரலிலேயே கோட்டும் டையும் தெரிந்தது.

காலை எட்டு மணிக்குக் கொடியேற்றி தேசிய கீதம். பள்ளிக்கூடத்தில் மட்டும் இல்லை, ரயில்வே ஸ்டேஷனிலும்தான். எட்டு மணிக்கு ஒரு தரம், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தரம் பாட்டு போடுவார்கள். நடந்துகொண்டிருந்த ஜனம் அப்படியே நின்றுவிடும். அப்புறம் கிளாஸ். நாற்பது வாண்டுகள் எழுந்து நின்று, கை கூப்பி, "குட் மார்னிங் டீச்ச்சர்ர்ர்!" நம்ம ஆள் "ஹௌ ஆர் யூ?" என்று கேட்டால், "ஐ'ம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" என்று ஒரே மூச்சில் கோரஸ். கால் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்த பையனும் அதையேதான் சொல்கிறானாம்!

இந்தப் பிள்ளைகளுக்கு 'ஸ்கூல்' என்று சொல்ல வராது. தாய் மொழியில் வார்த்தைக் கடைசியில் 'ல்' சத்தம் நிற்காது, 'ன்' ஆகிவிடும். ஆரம்பத்தில் 'ஸ்க்' என்று ஒட்டிக்கொண்டு வந்தாலும் தகராறு. ஆக, 'ஸகூன்'. ஃபுட்பால், 'ஃபுட்பான்'. நம்ம ஆளுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரும்? நாமெல்லாம் 'இஸ்கூல்' போய், 'இஸ்டூல்' மேல் ஏறி நின்றவர்கள்தானே! நாக்கு எங்கே தடுக்குகிறது, எப்படித் தாண்டுவது என்பது அவருக்கே ஒரு காலத்தில் நடந்த சங்கதி. அதனால் ஒவ்வொரு வார்த்தையையும் ரெண்டாகப் பிளந்து, கை தட்டிச் சொல்லிக் கொடுக்கிறார். மூணு மாசத்தில் பாதி கிளாஸ் 'ஸ்கூல்' வந்துவிட்டது என்றார். எம்.ஏ. பாஸானபோதுகூட அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

தாய்லாந்தில் வெள்ளைக்காரருக்கு 'ஃபராங்' என்று பேர். நம்ம 'பறங்கி'யேதான், சத்தியமாக. ரெண்டும் ஒரே வேரிலிருந்து வந்த வார்த்தைகள். இந்தியர், அரபுக்காரர் என்றால் 'கேக்'. தின்கிற கேக் இல்லை, 'விருந்தாளி' என்று அர்த்தம். அர்த்தம் நல்ல அர்த்தம்தான். ஆனால் பந்தியில் எந்த விருந்தாளிக்கு முதலில் இலை போடுகிறார்கள் என்பதில்தானே விஷயமே இருக்கிறது?

அதற்கு வருவேன். முதலில் வாரக் கடைசி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோள்பையை மாட்டிக்கொண்டால், ஞாயிறு ராத்திரிதான் ரூமுக்குத் திரும்புவார். மூணாம் கிளாஸ் ரயில், மினி வேன், பின்பக்கம் ரெண்டு பெஞ்ச் போட்ட டெம்போ மாதிரி ஒரு வண்டி. செலவு கம்மி. பாங்காக்கில் சீலோம் ரோட்டில் நம் ஜனங்கள் 19-ம் நூற்றாண்டில் கட்டின மாரியம்மன் கோயில் இருக்கிறது. உள்ளூரில் அதற்குப் பேரே 'வாட் கேக்', அதாவது விருந்தாளிகள் கோயில். உள்ளே தாய்லாந்து ஆபீஸ் பெண்கள் சாமந்தி மாலையும் தேங்காயுமாய் வரிசையில் நிற்கிறார்கள். இன்னொரு வாரம் தேவஸ்தான் என்கிற அரண்மனைப் பிராமணர்களின் கோயில். அந்த ஊர் ராஜ சடங்கு ஒன்றுக்கு 'த்ரியம்பாவாய்' என்று பேர். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? திருவெம்பாவைதான்! சடங்கில் நம் பாட்டையும் சொல்கிறார்கள். அர்த்தம் மறந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது.

"நாம இங்கிலீஷ் சொல்லித்தர இப்பத்தான் வர்றோம் மாப்ளே. நம்ம ஆளு ஒருத்தன் எப்பவோ வந்து தமிழே சொல்லிக் குடுத்துட்டுப் போயிட்டான்!" என்றார்.

எல்லா வாரமும் இப்படி ஜாலியாக முடியவில்லை. ஒரு ஞாயிறு காஞ்சனபுரி போயிருக்கிறார். குவாய் நதிப் பாலம், சினிமாவில் பார்த்திருப்பீர்கள். ரெண்டாம் உலக யுத்தத்தில், 1942-43-ல், தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பான்காரர்கள் ரயில் பாதை போட்டார்கள். வேலை செய்தவர்கள் வெள்ளைக்கார யுத்தக் கைதிகளும், ஆசியக் கூலிகளும். கைதிகளுக்கு அங்கே ஒரு பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 கற்கள். பெரும்பாலானவற்றில் பேர், ரெஜிமெண்ட், வயது. புல் வெட்டி, பூச்செடி வைத்து, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி பராமரிப்பு.

கைதிகளைவிடக் கூலிகள்தான் பல மடங்கு அதிகமாகச் செத்தார்கள். அவர்களில் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் போன ஜனமும், அவர்கள் பெற்ற பிள்ளைகளும். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் சார் நாகப்பட்டினம்! சமீப வருடங்களில் மலேசியத் தமிழர்கள் முயற்சியில் ஒரு நடுகல் வந்திருக்கிறது. ஆனால் பேர் பொறித்த கல்லறை அவர்களுக்கு இல்லை. பொறிக்கப் பேர்ப் பட்டியல் இருந்தால்தானே!

அன்று ராத்திரி போனில் அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "வரிசையா படிச்சிட்டே போனேன்டா. ஸ்மித், ஜோன்ஸ், இருபத்து மூணு வயசு, இருபத்தஞ்சு வயசு. நம்ம முருகேசன், காத்தமுத்து எல்லாம் எங்கடா?" என்றார்.

நான் என்ன சொல்ல? "சாப்டியா?" என்று கேட்டேன்.

இப்போது பந்திக்கு வருவோம்.

அதே ஸ்கூலில் இன்னொரு ஃபாரின் டீச்சர் இருக்கிறார். இங்கிலாந்துப் பையன், இருபத்து நாலு வயது. படித்தது கடல்வாழ் உயிரினங்களைப் பற்றி. பொழுதுபோக்காக வந்தவன். நல்ல பையன், நம்ம ஆளோடு சேர்ந்துதான் ஊர் சுற்றுகிறான். ஆனால் அவன் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் நம்ம ஆளுக்கு. ஏன் என்றால் அவன் 'நேட்டிவ் ஸ்பீக்கர்', தாய்ப்பால் குடிக்கும்போதே இங்கிலீஷையும் சேர்த்துக் குடித்தவன். எம்.ஏ. படித்த நம்ம ஆள் 'டோயிக்' என்று ஒரு பரீட்சை எழுதி, 990-க்கு 600 வாங்கிக் காட்டினால்தான் வாத்தியார். மீன் படித்தவனுக்குப் பரீட்சை இல்லை!

ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் அந்தப் பையன் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "பிரசன்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ்னு பாடத்துல இருக்கே, அது என்ன?" என்று கேட்டானாம். நம்ம ஆள் போர்டில் எழுதியே விளக்கினார். "ஓ, நான் தினம் பேசறது இதுதானா!" என்று அவனுக்கு ஒரே ஆச்சரியம். தப்பு அவன் மேல் இல்லை. நமக்கு 'வந்தான்' ஏன் 'வருந்தான்' ஆகவில்லை என்று எவனாவது கேட்டால், நாமும் முழிப்போம்.

தாய்லாந்தாவது பரீட்சை வைத்து உள்ளே விடுகிறது. தென்கொரியாவில் கதையே வேறு. அங்கே இங்கிலீஷ் வாத்தியாருக்கு 'இ-2' என்று ஒரு விசா. அதை ஏழு நாட்டு பாஸ்போர்ட்டுக்குத்தான் கொடுப்பார்கள். அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. ஏழு நாட்டு நாக்கு மட்டுமே சுத்தமான நாக்கு! இந்தியாவுக்கு 2010-ல் அமலுக்கு வந்த வணிக ஒப்பந்தத்தில் ஒரு சந்து திறந்தார்கள். நம்மவர்கள் பள்ளிக்கூடத்தில் 'துணை' இங்கிலீஷ் ஆசிரியராகப் போகலாம். கல்யாணத்தில் துணை மாப்பிள்ளை மாதிரி. கோட்டு உண்டு, பெண் கிடையாது.

எங்கள் ஊர் பாஸ்போர்ட் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காரைக்கால் 1739-லிருந்து பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கை மாறியது. சட்டப்படி முழுசாய் மாறினது 1962 ஆகஸ்ட் 16. அப்போது, 'பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும்' என்கிறவர்கள் ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்த குடும்பங்கள் இன்றும் பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு இருக்கின்றன. அந்த பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கொரியா போனால்? பிரெஞ்சு சொல்லித் தரலாம். வீட்டில் பேசுவது சுத்தமான காரைக்கால் தமிழாக இருந்தாலும் பரவாயில்லை! இங்கிலீஷ் மட்டும் கூடாது. ஆக, இந்தச் சட்டம் பார்ப்பது நாக்கை இல்லை. அட்டையை.

இப்படி ஒரு சட்டம் 18-ம் நூற்றாண்டில் எங்கள் பக்கம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். தஞ்சாவூர் ராஜாவுக்கு இங்கிலீஷ் வந்திருக்காது!

காரைக்காலில் பஸ் ஏறி வடக்கே சுமார் பதினைந்து கிலோமீட்டர் போனால் தரங்கம்பாடி. 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டின கோட்டை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 1845-ல் இங்கிலீஷ்காரர்களுக்கு விற்கிற வரைக்கும் அது அவர்கள் ஊர். தெற்கே நாங்கள் பிரெஞ்சு. இன்னும் தெற்கே நாகப்பட்டினம், 1781 வரைக்கும் டச்சு. ஒரு நாள் நடையில் மூணு ஐரோப்பா தேசங்களைத் தாண்டலாம். விசா இல்லாத காலம்.

தரங்கம்பாடிக்கு 1706-ல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் வந்தார். மணலில் விரலால் எழுதுகிற சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்தார். வாத்தியாராக வந்தவர் முதலில் மாணவராக உட்கார்ந்தார். அவர் போட்ட பாதையில் 1750-ல் வந்தவர் ஸ்வார்ட்ஸ், அவரும் ஜெர்மன்காரர். இறங்கி நாலே மாசத்தில் தமிழில் பிரசங்கம் செய்துவிட்டார்.

இந்த ஸ்வார்ட்ஸ்தான் நம் கதாநாயகர். தாய்மொழி ஜெர்மன். அனுப்பினது டென்மார்க். திருச்சிக்குப் போனபோது அங்கே கோட்டையில் இருந்த இங்கிலீஷ் சிப்பாய்களுக்குப் பிரசங்கம் செய்ய வேண்டி வந்தது. இங்கிலீஷ் தடுமாற்றம். ஆரம்பத்தில் அச்சடித்த பிரசங்கங்களைப் பார்த்துப் படித்தே ஒப்பேற்றினார். போகப் போக நாக்கு படிந்தது. அப்புறம் ஆசாமிக்கு ஊர் சுற்றலும் உண்டு. 1760-ல் இலங்கை. 1779-ல் கம்பெனிக்காகத் தூது போய் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அலியைப் பார்த்து வந்தார். நம்ம காஞ்சனபுரி யாத்திரையெல்லாம் அதற்கு முன்னால் எம்மாத்திரம்?

1780-களில் தஞ்சாவூரில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவன், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டார். நடத்திக் கொடுத்தவர் ஸ்வார்ட்ஸ். தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை என்று மூணு ஊரில் ஆரம்பித்தார்கள். 1787-ல் கம்பெனி டைரக்டர்கள் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் வருஷத்துக்கு 250 வராகன் மானியம் கொடுத்தார்கள். இங்கிலீஷ் படிப்பு என்றால் உடனே மெக்காலே தலையை உருட்டுகிறோமே, அவர் அந்தக் குறிப்பு எழுதினது 1835-ல். அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்னாலேயே நம் பையன்கள் ஏ, பி, சி, டி படித்தாகிவிட்டது. சொல்லிக் கொடுக்க ஏற்பாடு பண்ணினது ஒரு ஜெர்மன்காரர். 'நேட்டிவ் ஸ்பீக்கர்' இல்லை!

தஞ்சாவூர் இளவரசர் சரபோஜியின் படிப்பையும் கவனித்துக்கொண்டவர் ஸ்வார்ட்ஸ்தான். சரபோஜிக்குத் தாய்மொழி மராத்தி, ஊர் மொழி தமிழ், குருவின் மொழி ஜெர்மன். படித்தது இங்கிலீஷ். 1798 பிப்ரவரியில் ஸ்வார்ட்ஸ் காலமானார். அந்த வருஷமே பட்டத்துக்கு வந்த சரபோஜி, குருவுக்கு லண்டன் சிற்பி ஃப்ளாக்ஸ்மனிடம் சலவைக்கல் சிற்பம் செய்யச் சொல்லி வரவழைத்தார். அது தஞ்சாவூர் சர்ச்சில் இருக்கிறது. சாகக் கிடக்கிற வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டு சரபோஜி நிற்கிற காட்சி. கல்லறைக் கல்லுக்கு இரங்கல் பாட்டு ஒன்றையும் ராஜாவே எழுதினார். இங்கிலீஷில்!

வாத்தியாருக்கு இதைவிட என்ன சர்டிபிகேட் வேண்டும்? 990-க்கு எத்தனை போடுவீர்கள்?

தாய்மொழிக்காரன் பேசினால் அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். கேட்டுக் கேட்டு உச்சரிப்பு வரவும் அது உதவும். ஆனால் பாஷையைக் கல்லும் முள்ளுமாய் நடந்து கற்றவனுக்குத்தான் எந்த இடத்தில் கல் கிடக்கிறது என்று தெரியும். பின்னால் வருகிற பிள்ளைக்கு, 'பார்த்து, இங்க தாண்டு' என்று சொல்ல அவனால்தான் முடியும். அதற்குச் சம்பளத்தில் பாதி கொடுப்பது கணக்கு இல்லை. பி.காம். படித்தவன் சொல்கிறேன்.

இதையெல்லாம் நான் எழுதுவதற்குக் காரணம், எங்கள் தெருத் தம்பி ஒருவன். பி.ஏ. இங்கிலீஷ் முடித்து ரெண்டு வருஷம் சும்மா இருந்தான். போன மாசம் முகமெல்லாம் பல்லாக வந்தான். "அண்ணே, தாய்லாந்துல இங்கிலீஷ் டீச்சர் வேலை! ஒன்றரை லட்சம் கேக்கறாங்க. டூரிஸ்ட்டா போயிடணுமாம். அங்க போனதும் வேலைக்கு மாத்திக் குடுத்துடுவாங்களாம். அம்மா வளையலை வச்சிடலாம்னு இருக்கேன்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2022-ல் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன பையன்களை எல்லை தாண்டி மியான்மரில் மியாவடிக்குக் கொண்டுபோய் அடைத்து, இணைய மோசடி வேலை செய்ய வைத்தார்கள். மறுத்தவர்களுக்கு அடி. அவர்களில் தமிழ்ப் பையன்களும் உண்டு. சிலர் மீட்கப்பட்டு அந்த அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள். அங்கேயும் முதல் படி இதேதான். 'டூரிஸ்ட்டா வந்துடு, அப்புறம் பாத்துக்கலாம்.'

தாய்லாந்து நண்பரிடம் போன் போட்டுத் தம்பியிடம் கொடுத்தேன். அவர் சொன்னதைக் கணக்குப்பிள்ளை பாணியில் தருகிறேன். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: வேலை பார்க்கப் போகிறவன் டூரிஸ்ட்டாகப் போகக்கூடாது. நிஜமான ஸ்கூல் முதலில் பேப்பர் அனுப்பும். அதைக் காட்டி 'நான்-இமிக்ரன்ட் பி' விசா வாங்க வேண்டும். அங்கே போனதும் வொர்க் பர்மிட். அது இல்லாமல் சாக்பீஸ் தொட்டாலும் சட்டப்படி குற்றம்.

இரண்டு: ஏஜெண்டின் பேர் வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஒன்றரை லட்சம் என்றால் மீதி எதற்கு என்று கேளுங்கள். பதில் வராது.

மூன்று: ஸ்கூல் பேரைக் கேட்டு, அதன் நம்பரை நீங்களே தேடி, நீங்களே போன் பண்ணுங்கள். ஏஜெண்ட் கொடுத்த நம்பருக்கு இல்லை.

நான்கு: இங்கே ஒரு வருஷமாவது பாடம் நடத்திவிட்டுப் போங்கள். 'ஸ்கூல்' சொல்ல வராத பிள்ளை நம் ஊரிலும் இருக்கிறது.

தம்பி பட்டியலில் தேடினான். ஏஜெண்ட் பேர் இல்லை. வளையல் அம்மா கையிலேயே இருக்கிறது. இப்போது ஒரு டியூஷன் சென்டரில் ஆறாம் கிளாஸுக்கு டென்ஸ் நடத்திக்கொண்டே டோயிக்குக்குப் படிக்கிறான். போன ஞாயிறு அவனையும் கூட்டிக்கொண்டு தரங்கம்பாடி போனேன். கோட்டை, 1718-ல் கட்டின சர்ச் எல்லாம் சுற்றிக் காட்டி, ஸ்வார்ட்ஸ் கதையையும் சாங்கோபாங்கமாகச் சொன்னேன். கடலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டான்.

"அந்த ஜெர்மன்காரரு ஏஜெண்டுக்கு எவ்ளோ கட்டினாரு அண்ணே?"